கல்லூரி விளையாட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும்: குமரி மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆறு பேருக்கும் ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் மார்த்தாண்டத்தைச் சேர்ந்தவன். கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களில் எந்தக் கட்சிக்காரருக்கும் தனியாக இதை எழுதவில்லை. ஆறு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். கல்லூரி விளையாட்டுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வர வேண்டும். அந்தச் சட்டத்தின் அபராதமும் சிறையும் நிர்வாகத்தின் மீதும் பயிற்சியாளர் மீதும் விழ வேண்டும்.

இப்போது விதிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கின்றன. ஆனால் அத்தனையும் ஒரே பக்கம்தான் பாய்கின்றன. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாமல் வெளியே நிற்பது மாணவன். இன்னொருவனின் அடையாள அட்டையில் ஆடிப் பிடிபட்டால் தடை மாணவனுக்கு. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் நான்கு வருடம் போவதும் மாணவனுக்கே. அட்டையை மாற்றிக் கொடுத்தது யார், ஊசியை வாங்கி வந்தது யார், ஓ.டி. (போட்டிக்குப் போன நாளுக்கும் வருகைப்பதிவு) தருகிறேன் என்று கூட்டிப்போய்விட்டுக் கடைசியில் கையெழுத்துப் போடாமல் விட்டது யார் என்று எந்தக் கோப்பும் கேட்பதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எதிராக எழுதப்பட்ட இந்த விதிகள், ஐம்பது வயது நிர்வாகியின் முன்னால் மட்டும் மௌனமாகிவிடுகின்றன.

முதலில் காயத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் மனம் நொந்த விஷயம் இதுதான்.

நம் மேற்குக் கடற்கரை ஊர்களில் கால்பந்து எப்படி வளர்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூத்தூர் பக்கம் போனால் மணலில் வெறுங்காலோடு ஆடும் சிறுவர்களே ஒரு பல்கலைக்கழக அணிக்குக் காணும். கல்லூரிகள் அங்கேதான் ஆள் தேடிப் போகின்றன. ‘ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் இலவசம், பூட்ஸ் நாங்க வாங்கித் தாறோம்’ என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆழ்கடல் படகில் போய் மாதக் கணக்கில் வராத தகப்பனுக்கு அது பெரிய வாக்குறுதி. எழுத்தில் ஒன்றும் தருவதில்லை.

அப்படிச் சேர்ந்த ஒரு பையனை எதிரணியில் பார்த்திருக்கிறேன். இடது ஓரத்தில் ஆடுவான். அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் என் பையன்களுக்கு மூச்சு வாங்கும். ஒரு கல்லூரிகளுக்கிடையேயான ஆட்டத்தில் திரும்பும்போது காலை ஊன்றினான், முட்டு திருகிவிட்டது. மைதானத்தில் ஸ்ட்ரெச்சர் இல்லை. ஐஸ் இல்லை. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் காலாவதியான ஒரு ஸ்ப்ரேயும்தான். இரண்டு பேர் தோளில் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். வீட்டார் வர்ம ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். ஆசான்களைக் குறை சொல்ல மாட்டேன், சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் அவர்கள் கை பலருக்குக் குணம் தந்திருக்கிறது. இது சுளுக்கு இல்லை. பல வாரம் கழித்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்தபோது முட்டிலுள்ள ஏ.சி.எல். என்ற தசைநார் முற்றிலும் அறுந்திருந்தது.

அடுத்த வருடம் அந்தக் கல்லூரி அவனிடம் முழுக் கட்டணத்தையும் கேட்டது. டீமில் இல்லாதவனுக்குச் சலுகை இல்லை என்றார்கள். எந்தக் கல்லூரிக்காக ஆடிக் காலை ஒடித்துக்கொண்டானோ அந்தக் கல்லூரியே கேட்டது. வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று போனால், பாக்கியைக் கட்டினால்தான் மார்க் ஷீட் என்று அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். அவன் படிப்பை விட்டுவிட்டான்.

இதில் எந்தச் சட்டத்தை அந்தக் கல்லூரி மீறியது என்று யோசித்துப் பாருங்கள். சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் மீறவில்லை. ஸ்ட்ரெச்சர் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. விளையாட்டுக் காயத்துக்குச் சிகிச்சைச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. காயத்தைக் காரணம் காட்டிச் சலுகையைப் பறிக்கக் கூடாது என்றும் சட்டம் இல்லை. மீறியதாகத் தெரியும் அந்த ஒரு அறிவிப்புக்கும், யார் மீது புகார் கொடுத்து யார் தண்டிக்கப்பட்டார்கள் என்று நம் மாவட்டத்தில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கபடி ஆட்டத்தின் நடுவில் கல்லூரி மாணவர் ஒருவர் விழுந்து இறந்ததைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அது ஊர்ப் போட்டி, கல்லூரிப் போட்டி அல்ல. ஆனால் அன்று அந்தக் களத்தில் இல்லாமல் போனவை நம் கல்லூரிக் களங்களிலும் இல்லை. அதைப் பார்த்த எந்த உடற்கல்வி ஆசிரியரும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது.

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2018-இல் ஜோர்டன் மெக்நாயர் என்ற பத்தொன்பது வயது அமெரிக்கக் கால்பந்து வீரர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி, இரண்டு வாரத்தில் இறந்தார். உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. பயிற்சியாளர் வேலையை இழந்தார். 2021-இல் அந்த மாநிலம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது. கல்லூரிகள் வெப்பப் பாதிப்பையும் தலைக் காயத்தையும் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கான நெறிமுறை அதில் கட்டாயமாக்கப்பட்டது. நம் ஊர்ப் பங்குனி வெயிலும் கடற்காற்றின் புழுக்கமும் சேர்ந்தால் மாலை நான்கு மணிக்கும் உடம்பு வியர்த்து அடங்காது. அந்த நேரத்தில் ‘தண்ணி குடிச்சா ஸ்டாமினா போயிரும்’ என்று சொல்லும் கோச்சுகளை நான் இப்போதும் பார்க்கிறேன்.

சட்டம் போட்டால் மட்டும் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 1996-இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது வேறொரு பிரிவை. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்று அது சொல்கிறது. அந்த ஒரு வரி வந்த பிறகுதான் கல்லூரி முதல்வர்கள் விடுதிக்குள் இரவில் நடந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ராகிங் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் ‘பிள்ளைங்க வெளையாட்டா செஞ்சது’ என்று ஒரு முதல்வர் சொல்லித் தப்பித்த காலம் முடிந்தது. எனக்கு வேண்டியது அதே வரி, விளையாட்டு மைதானத்துக்கு.

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். குலசேகரம், திருவட்டார் பக்கமிருந்து வரும் மாணவிகளில் பலருடைய அம்மாக்கள் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்கிறார்கள், அப்பாக்கள் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். விளையாட்டுக்கு மகளை அனுப்புவதற்கு அந்த வீட்டில் எவ்வளவு விவாதம் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் போட்டி திருநெல்வேலியில் என்றால் இருட்டிலேயே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். திரும்பி நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையம் வரும்போது ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். பெண்கள் அணியோடு ஒரு பெண் ஆசிரியர் போவது பல இடங்களில் வழக்கம். ஆனால் அது கட்டாயம் என்று யாரும் தண்டனையோடு எழுதி வைக்கவில்லை. ஆள் இல்லாத அன்று, பகுதி நேரமாக வரும் கோச் ஒருவரே கூட்டிப் போகிறார். அவர் யார்? எங்கே படித்தார்? காவல்துறைச் சரிபார்ப்பு நடந்ததா? பெரும்பாலும் ‘நம்ம பையன்தான், நல்லா ஆடுவான்’ என்பதுதான் அவருடைய நியமன ஆணை.

2018 ஜூலையில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சி என்ற பெயரில் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு மாணவியைக் குதிக்க வைத்து, அவர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பயிற்சியாளர் என்று வந்தவரைத் தங்களுடையவர் அல்ல என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமே சொன்னது. யாரென்று கேட்காமல் ஒருவரை மாணவர்கள் முன்னால் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2021-இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். பல ஆண்டுகளாக நடந்தவை அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டு மைதானத்தையும் போட்டி நடக்கும் இடத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் என்றும் சொல்கிறது. ஆனால் கல்லூரிகளில் அந்தக் குழுவின் உறுப்பினர்கள் யாரென்று விளையாட்டு மாணவிகளிடம் கேட்டுப் பாருங்கள். கட்டடத்துக்குள் ஒட்டிய காகிதம் மைதானம் வரை வருவதில்லை. வெளியூர்ப் போட்டியில் நடந்ததை எங்கே சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் அடுத்த அணித் தேர்வில் பெயர் இருக்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஊக்கமருந்துக்கு வருகிறேன். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் எடுத்த 5,600-க்கும் அதிகமான மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. பெரிய அளவில் சோதனை நடத்திய நாடுகளிலேயே நமக்குத்தான் இந்த அவமானம். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லியில் மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்ததும் ஓட வேண்டியவர்கள் மாயமாகி, ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர் ஓடினார். அவர்களில் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் கற்றுக் கொடுத்திருக்கிறார். 2022-ஆம் ஆண்டுத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வீரரைப் போட்டியிலிருந்து விலக்குகிறது, தகுதி நீக்குகிறது. விற்றவரும் ஊசி போட்டவரும் அதே சட்டத்தின்படி விளையாட்டிலிருந்துதான் விலக்கப்படுகிறார்கள். விளையாட்டிலேயே இல்லாத ஒரு ஜிம் முதலாளிக்கு அது என்ன தண்டனை? மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு, கல்லூரிப் பையன் கைக்கு எப்படி வருகிறது என்று மருந்து ஆய்வாளர்கள் மாவட்டம் முழுக்க ஒரு முறையாவது தேடிப் பார்க்க வேண்டும். மாணவனுக்கு மருந்து கொடுத்தவருக்குச் சிறை என்று மாநிலச் சட்டம் சொல்ல வேண்டும்.

ஆள்மாறாட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு, பல்கலைக்கழக அணிச் சான்றிதழ் என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கை. உழைத்து வாங்குபவனின் இடத்தில் பொய்ச் சான்றிதழ்க்காரன் உட்கார்ந்தால் அது திருட்டு. ஆனால் கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் வராது. கையெழுத்துப் போட்ட கையையும் விசாரிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒவ்வொரு போட்டியின் ஆட்டக்காரர் பட்டியலும் புகைப்படத்தோடு அன்று மாலையே பல்கலைக்கழக இணையதளத்தில் ஏறினால், இந்தக் கள்ளத்தனத்தில் பாதி நின்றுவிடும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

பிறகு பணம். ஒவ்வொரு மாணவரும் ஆண்டுதோறும் விளையாட்டுக் கட்டணம் என்று ஒன்றைக் கட்டுகிறார். ரசீதில் அதற்குத் தனி வரி இருக்கும். அந்தப் பணம் எங்கே போனது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. உடற்கல்வி இயக்குநர் பணியிடமே காலியாகக் கிடக்கும் கல்லூரியிலும் அந்தக் கட்டணம் வசூலாகிறது. மைதானத்தில் புல் முளைத்து ஆடு மேய்கிற கல்லூரியிலும் வசூலாகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அரசு உதவி பெறும் கல்லூரிகள் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. சுயநிதிக் கல்லூரிகளிடம் அப்படிக் கேட்க முடியாது என்று நம் மாவட்டத்தில் பலரும் அமைதியாகிவிட்டார்கள். வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டாத கல்லூரி அந்தக் கட்டணத்தை அடுத்த ஆண்டு வசூலிக்கக் கூடாது என்று ஒரே வரியில் எழுதலாம்.

தண்டனை எப்படி இருக்க வேண்டும் என்பதில் மிகவும் கவனமாக இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். கடுமை என்றவுடன் ‘அந்தக் கல்லூரி அணிக்கு இரண்டாண்டு தடை’ என்று எழுதிவிடாதீர்கள். 1987-இல் அமெரிக்காவில் தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததற்காக, அதன் அமெரிக்கக் கால்பந்து அணியின் அந்த ஆண்டு ஆட்டங்கள் முழுவதையும் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ரத்து செய்தது. பணம் வாங்காத பையன்களும் அணியின்றி அலைந்தார்கள், பலர் வேறு கல்லூரி தேடிப் போனார்கள். அந்தப் பணம் தொடரட்டும் என்று முடிவெடுத்ததை ஒப்புக்கொண்ட முன்னாள் நிர்வாகக் குழுத் தலைவர் பில் கிளெமென்ட்ஸ் அப்போது டெக்சாஸ் மாநில ஆளுநர். பதவிக்காலம் முடியும் வரை ஆளுநராகவே இருந்தார். கண்டிப்பான தண்டனை என்று உலகம் பேசிய ஒன்று கடைசியில் யார் மேல் விழுந்தது பாருங்கள்.

இதற்கு மாறான ஒன்றும் அங்கேயே உண்டு. சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்த பயிற்சியாளரைக் கண்டும் காணாமல் இருந்ததற்காக, 2012-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 6 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். சிறுவர்கள் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் பணிகளுக்கே அந்தப் பணம் என்று நிபந்தனையும் வைத்தார்கள். நமக்கும் இதுவே சரியான வழி. அபராதம் கல்லூரி அறக்கட்டளையின் கணக்கிலிருந்து போக வேண்டும். மாணவர் கட்டணத்தில் ஏற்றக் கூடாது. அந்தத் தொகை மாவட்ட அளவில் ஒரு விளையாட்டுக் காய நிதியாகச் சேர்ந்து, முட்டு ஒடிந்த பிள்ளையின் அறுவைச் சிகிச்சைக்கும் பிந்தைய பிசியோதெரபிக்கும் போக வேண்டும். இரண்டாம் முறை மீறினால் செயலாளரும் முதல்வரும் பதவியில் நீடிக்கக் கூடாது. சான்றிதழைப் பிடித்து வைத்தால், பிடித்து வைத்த ஒவ்வொரு நாளுக்கும் மாணவருக்கு இழப்பீடு. பாலியல் புகாரை மூடி மறைத்தால், ராகிங் சட்டம் போலவே உடந்தை என்று வழக்கு. அணிகள் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படி நெருக்கினால் கல்லூரிகள் டீமே வைக்காது என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். என் பழைய சகாக்களே சொல்கிறார்கள். அவர்களுடைய பயம் பொய்யில்லை. ஆம்புலன்ஸ், காப்பீடு, பெண் ஆசிரியர் என்று அடுக்கினால் சிறிய கல்லூரிகளுக்குச் சுமைதான். ஆனால் டீம் வைக்காத கல்லூரி விளையாட்டுக் கட்டணமும் வாங்கக் கூடாது, விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் நிரப்பக் கூடாது என்று அதே சட்டத்தில் இருந்தால், எது லாபம் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். உதவி பெறும் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் பணியிடங்களை அரசு நிரப்புவதும் இந்தச் சட்டத்தின் பாதி. அதைச் செய்யாமல் கல்லூரியை மட்டும் மிரட்டினால் அது நியாயமாகாது. நன்றாக நடத்துகிற கல்லூரிகள் நம் மாவட்டத்தில் உண்டு. தன் சம்பளத்தில் பழமும் முட்டையும் வாங்கிக் கொடுக்கும் பி.டி. மாஸ்டர்கள் உண்டு. காயம்பட்ட பையனை மூன்று வருடமும் இலவசமாகவே படிக்க வைத்த முதல்வர் ஒருவரையும் அறிவேன். அப்படிப்பட்டவர்கள் இந்தச் சட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, இன்று அவர்கள் மனதாரச் செய்வதைத்தான் நாளை எல்லாரும் கடமையாகச் செய்யப் போகிறார்கள்.

இது டெல்லியின் வேலை என்றும் சிலர் சொல்லக்கூடும். 2025-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசிய சம்மேளனங்களைப் பற்றியது. நம் கல்லூரி மைதானங்கள் வரை அதன் கை எட்டாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் 33-ஆம் இனமாக இருக்கிறது. கல்வி 1976-இலிருந்து பொதுப் பட்டியலில். ஆக இரண்டிலும் சட்டம் செய்யும் அதிகாரம் நீங்கள் உட்காரும் அவைக்கு இருக்கிறது. 1976-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயத்தைச் சேர்த்தாலும் போதும், தனிச் சட்டமே கொண்டுவந்தாலும் நல்லது.

அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவர் இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவாருங்கள், மற்ற ஐவரும் ஆதரித்துப் பேசுங்கள். அதற்கு முன்னால் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை நேரில் கேளுங்கள். முதல்வர்களும் செயலாளர்களும் அந்த அறையில் இருக்க வேண்டாம். மாணவிகளுக்குத் தனி அமர்வு வையுங்கள், கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். மாவட்ட விளையாட்டு அலுவலரும் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரும் பதில் சொல்ல வரட்டும். பணிக்காலத்தில் நான் எழுதிய கடிதங்களின் நகல்களும், பதில் வராதவற்றின் அஞ்சல் ரசீதுகளும் என்னிடம் இருக்கின்றன. நாள் குறித்துச் சொன்னால் அவற்றோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர்,
மார்த்தாண்டம்.